கேப்டன் அமெரிக்கா: ஒரு நாயகன் வரலாற்றில் மூன்று இடைச்செருகல்கள்

தொடர்ந்து வெளிவரும் கதையின் நாயகன் காலப்போக்கில் படைத்தவரின் கையைவிட்டு நீங்கி, படிப்பவரின் உள்ளத்தில் குடியேறிவிடுகிறான். 1893ஆம் ஆண்டில் ஆர்தர் கோனன் டாயில் தம் துப்பறியும் நாயகனான ஷெர்லாக் ஹோம்ஸை அருவியில் வீழ்த்திக் கதையை முடித்தார். வாசகர் கொண்ட ஏமாற்றம் அடங்கவில்லை. 1903ஆம் ஆண்டில் அந்நாயகன் உயிருடன் இருப்பதாக அவரே எழுத நேர்ந்தது. படைத்தவர் ஒருவரே எழுதிய கதைக்கே இந்நிலை என்றால், தலைமுறை தலைமுறையாகப் பலர் கைமாறி எழுதிவரும் அமெரிக்கச் சித்திரக்கதைகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே எழுத்தாளர் மாறுகிறார், ஓவியர் மாறுகிறார், பதிப்பாசிரியர் மாறுகிறார். நாயகன் மட்டும் மூப்பின்றி நிற்கிறான். பத்து வயதில் அவனைப் படிக்கத் தொடங்கிய சிறுவன் ஐம்பது வயதிலும் படித்துக்கொண்டிருப்பான். அத்தகைய நாயகனின் வரலாற்றை முழுமையாகக் காத்துவருவது பெரும்பாலும் அவ்வாசகனின் நினைவுதான்.

2016ஆம் ஆண்டு மே 25ஆம் நாள் அந்நினைவின்மீது ஓர் அடி விழுந்தது. அன்று மார்வெல் நிறுவனம் வெளியிட்ட 'கேப்டன் அமெரிக்கா: ஸ்டீவ் ரோஜர்ஸ்' முதல் இதழின் இறுதியில், எழுபத்தைந்து ஆண்டுகளாக நேர்மையின் உருவாகப் போற்றப்பட்ட நாயகன் தன் தோழன் ஒருவனை விமானத்திலிருந்து வெளியே தள்ளிவிட்டு, ஹைட்ரா என்னும் கொடிய இரகசிய இயக்கத்துக்கு வாழ்த்துக் கூறினான். எழுதியவர் நிக் ஸ்பென்சர்; வரைந்தவர் ஹெசூஸ் சைஸ். அவ்விதழ் எழுப்பிய சினத்தையும் வருத்தத்தையும், விளையாட்டுப் பொருளை இழந்த சிறுவரின் அழுகை எனச் சிலர் எள்ளி நகையாடினர். அந்நாயகனின் முழு வரலாற்றையும் எடுத்து நோக்குவோர்க்கு அது அவ்வளவு எளிய செய்தியாகத் தோன்றாது.

தோற்றம்

கேப்டன் அமெரிக்காவை உருவாக்கியவர்கள் ஜோ சைமன், ஜாக் கர்பி என்னும் இரு இளைஞர்கள். சைமன் 1913ஆம் ஆண்டு ராச்செஸ்டர் நகரில் பிறந்தவர். கர்பி 1917ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில், ஜேக்கப் கர்ட்ஸ்பர்க் என்னும் பெயரில் பிறந்தவர். இருவரும் யூதக் குடும்பத்தினர். இருவரின் தந்தையரும் தையல் தொழிலைச் சார்ந்து வாழ்ந்தவர்கள்.

அவர்களது முதல் இதழ் 1940ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் கடைகளுக்கு வந்தது. அட்டையில் நட்சத்திரமும் பட்டைகளும் தாங்கிய உடையணிந்த வீரன் ஒருவன் ஹிட்லரின் தாடையில் குத்துவிடுகிறான். அமெரிக்கா உலகப் போரில் இறங்குவதற்கு இன்னும் ஓராண்டு இருந்தது. போரில் தலையிடக் கூடாது என்போர் குரல் அந்நாட்டில் அப்போது ஓங்கி ஒலித்தது. 1939ஆம் ஆண்டு பிப்ரவரியில் நியூயார்க்கின் மேடிசன் சதுக்க அரங்கில், ஜெர்மன் அமெரிக்கன் பண்ட் என்னும் நாஜி ஆதரவு அமைப்பு ஏறத்தாழ இருபதாயிரம் பேரைத் திரட்டிக் கூட்டம் நடத்தியிருந்தது. அத்தகைய நகரில் அந்த அட்டைப்படம் வெறும் விற்பனைத் தந்திரமாக இருந்திருக்க முடியாது. இதழ் ஏறக்குறையப் பத்து இலட்சம் படிகள் விற்றது. மிரட்டல் கடிதங்களும் வந்தன. அலுவலகத்துக்குக் காவல் போட வேண்டியிருந்ததையும், நகர மேயர் லா கார்டியா தாமே தொலைபேசியில் அழைத்துப் பாதுகாப்புக்கு உறுதி கூறியதையும் சைமன் பின்னாளில் பதிவு செய்துள்ளார்.

நாயகனின் கதை எளிமையானது. ஸ்டீவ் ரோஜர்ஸ் நோஞ்சான் இளைஞன். படையில் சேர விரும்பியும் உடல் வலிமை போதாதென்று திருப்பி அனுப்பப்பட்டவன். ஆய்வுக்கூட மருந்து ஒன்று அவனுக்கு வலிமை தருகிறது. மருந்து உடலைத்தான் மாற்றியது. அடிக்கிறவனை எதிர்த்து நிற்கும் உள்ளம் அதற்கு முன்பே அவனிடம் இருந்தது. பின்வந்த எழுத்தாளர் அனைவரும் மாற்றாமல் காத்த அடிப்படை இதுவே. அவன் கையில் தரப்பட்டதும் துப்பாக்கியைவிடக் கேடயமே என்பது எண்ணத்தக்கது.

ஊதியப் பங்கு குறித்த மனவேறுபாட்டால் படைப்பாளர் இருவரும் பத்து இதழ்களோடு விலகினர். கர்பி 1943ஆம் ஆண்டில் படைக்கு அழைக்கப்பட்டு, மறு ஆண்டு பிரான்சு மண்ணில் போர்முனையில் நின்றார். காகிதத்தில் வரைந்த போரை அவர் நேரிலும் கண்டார்.

முதல் இடைச்செருகல்

போர் முடிந்தபின் நாயகனுக்கு வேலை குறைந்தது. 1940களின் முடிவில் அவனது இதழ் நின்றது. 1953ஆம் ஆண்டு இறுதியில் அவனை மீண்டும் கொண்டுவந்த நிறுவனம், பொதுவுடைமையரை வேட்டையாடும் வீரனாக அவனை உருமாற்றியது. செனட்டர் மெக்கார்த்தியின் சந்தேக அரசியல் கோலோச்சிய காலம் அது. அண்டை வீட்டுக்காரனையும் உளவாளியென ஐயுறும் அக்கதைகளை வாசகர் ஏற்கவில்லை. 1954ஆம் ஆண்டில் மூன்று இதழ்களோடு அவனது தனி இதழ் மீண்டும் நின்றது.

1964ஆம் ஆண்டு 'அவெஞ்சர்ஸ்' நான்காம் இதழில் ஸ்டான் லீயும் ஜாக் கர்பியும் அவனை மீட்டனர். 1945ஆம் ஆண்டில் கடலில் விழுந்து பனிக்கட்டிக்குள் உறைந்து கிடந்தவன் இருபது ஆண்டுகள் கழித்துக் கண் விழிக்கிறான். தோழரும் இல்லை, அறிந்த உலகமும் இல்லை. அழகிய கற்பனை இது. எனினும் ஒரு சிக்கல் எழுந்தது. 1945 முதல் அவன் பனியில் கிடந்தான் என்றால், 1950களில் ஊரெங்கும் எதிரிகளைத் தேடித் திரிந்தவன் யார்?

இவ்வினாவுக்கு 1972ஆம் ஆண்டில் ஸ்டீவ் எங்கல்ஹார்ட் விடை எழுதினார். வியட்நாம் போர்க்காலத்தில் மனச்சான்றின் பேரில் படையிலிருந்து விலகியவர் அவர். அவரது கதைப்படி 1950களின் வீரன் வேறொருவன். ஸ்டீவ் ரோஜர்ஸின்மீது கொண்ட வெறிமிக்க பற்றினால் முகத்தையும் பெயரையும் அவனுடையதாகவே மாற்றிக்கொண்டவன். குறைபாடுள்ள மருந்து அவன் மூளையைக் கெடுக்க, எவரைக் கண்டாலும் பகைவராகவே காணத் தொடங்கினான். உண்மையான நாயகன் தன் முகத்தையே அணிந்த அவ்வெறியனோடு பொருதுகிறான்.

பழம்பெரும் நூல்களை ஆராய்வோர் பிற்காலத்தார் புகுத்திய பாடல்களை இடைச்செருகல் என்பர். எங்கல்ஹார்ட் செய்ததும் இடைச்செருகலே. நிறுவனம் உண்மையில் வெளியிட்ட கதைகளின் பொருளை, இருபது ஆண்டுகள் கழித்து அவர் மாற்றி எழுதினார். வாசகர் அதை மகிழ்ந்து ஏற்றனர். ஏனெனில் அது உண்மையை மறைக்கவில்லை. நாட்டுப்பற்று என்னும் உடைக்குள் வெறுப்பும் புகுந்து நடமாடியது என்ற வரலாற்று உண்மையை அது வெளிப்படையாகவே பேசியது.

நாயகன் உடை களைந்த நாள்

அதே எழுத்தாளர் 1974ஆம் ஆண்டில் இன்னும் துணிந்தார். வாட்டர்கேட் ஊழல் அமெரிக்காவை உலுக்கிக்கொண்டிருந்தது. இரகசியப் பேரரசு என்று பொருள்படும் 'சீக்ரெட் எம்பயர்' கதைத்தொடரில் ஒரு சதிக் கும்பலைத் துரத்திச் செல்லும் நாயகன், அதன் தலைவனை வெள்ளை மாளிகைக்குள்ளேயே பிடிக்கிறான். முகமூடி கழற்றப்படுகிறது, அம்முகம் வாசகருக்குக் காட்டப்படவில்லை. தலைவன் தன்னைத்தானே சுட்டு மாய்கிறான். ரிச்சர்டு நிக்சனையே தாம் கருதியதாக எங்கல்ஹார்ட் பின்னர் கூறினார். அவ்வாண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் நிக்சன் பதவி விலகினார்.

தன் நாட்டின் உச்சியிலேயே அழுகலைக் கண்ட ஸ்டீவ் ரோஜர்ஸ் உடையையும் கேடயத்தையும் துறக்கிறான். நாடோடி எனப் பொருள்படும் 'நோமட்' என்ற பெயரில் சில மாதங்கள் திரிகிறான். ஆட்சியாளருக்குக் கட்டுப்படுவது வேறு, நாடு தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட உயர்ந்த வாக்குறுதிக்குக் கட்டுப்படுவது வேறு என்று தெளிந்து, 1975ஆம் ஆண்டில் மீள்கிறான். 1987ஆம் ஆண்டில் மார்க் க்ரூன்வால்டு எழுதிய கதையிலும், அரசின் ஆணைக்கு அடங்க மறுத்து அவன் கேடயத்தைத் திருப்பித் தருகிறான். 2007ஆம் ஆண்டில் எட் புரூபேக்கர் எழுதிய இதழில் அவன் நீதிமன்றப் படிகளில் சுடப்பட்டு வீழ்ந்தபோது அது உலகச் செய்தியானது. அவன் மிகவும் தேவைப்படும் நேரத்தில் போய்விட்டானே என்ற பொருள்பட, தொண்ணூற்று மூன்று வயதான ஜோ சைமன் வருந்தினார்.

இவற்றை இங்கே நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. இந்நாயகனின் வாசகர் மாற்றத்தைக் கண்டு அஞ்சுபவர் அல்லர். அவன் ஐயுற்றதையும், தோற்றதையும், உடை துறந்ததையும், மாண்டதையும் தாங்கியவர்கள் அவர்கள். ஒவ்வொன்றிலும் முடிவெடுத்தவன் அவன். அல்லது அவன் முன்பே எடுத்த முடிவின் விளைவு அது.

இரண்டாம் இடைச்செருகல்

2003ஆம் ஆண்டில் ராபர்ட் மொராலெஸ் எழுத, கைல் பேக்கர் வரைய, ஏழு இதழ்களாக வெளிவந்தது 'ட்ரூத்' என்னும் கதை. தலைப்பின் பொருள் உண்மை. நாயகனுக்கு வலிமை தந்த மருந்தின் இரகசியத்தைத் தேடும் படைத்துறை, கறுப்பினச் சிப்பாய்களை அவர்தம் அறிவோ இசைவோ இன்றிச் சோதனைக்கு ஆட்படுத்துகிறது. பெரும்பாலோர் மாள்கின்றனர். எஞ்சிய ஐசையா பிராட்லி, கேப்டன் அமெரிக்காவின் உடையை எடுத்து அணிந்து எதிரி நாட்டுக்குள் தனியே சென்று போரிடுகிறான். திரும்பி வந்தவனுக்குக் கிடைத்தது சிறை. நெடுங்காலத்துக்குப் பின் இதனை அறியும் ஸ்டீவ் ரோஜர்ஸ், மூளை மழுங்கிப்போன அம்முதியவரைத் தேடிச் சென்று நிற்கிறான்.

கதை முழுவதும் கற்பனையன்று. அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி பகுதியில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் கொண்ட கறுப்பின ஆடவர் நூற்றுக்கணக்கானோர்க்கு உண்மையைச் சொல்லாமலும் உரிய மருந்து தராமலும் அந்நாட்டு அரசின் சுகாதாரத் துறை நோயின் போக்கைக் கவனித்துவந்தது. அவ்வரலாற்றின் நிழல் இக்கதையில் படிந்துள்ளது.

இதழ் வெளிவரும் முன்பே வாசகர் சிலர் கொதித்தனர். போற்றத்தக்க பிறப்பைக் களங்கப்படுத்துவதாகக் குறை கூறினர். அவர்கள் கொண்ட ஏமாற்றமும் உண்மையானதே. ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்ல இக்கதையின் மதிப்பு உயர்ந்தது. 2021ஆம் ஆண்டில் ஐசையா பிராட்லி தொலைக்காட்சித் தொடரிலும் இடம்பெற்றார். நாயகனின் பண்பில் இக்கதை கைவைக்கவில்லை என்பதே அதற்குக் காரணம். அவன் அறியாமல் அவன் பெயரால் நடந்த கொடுமையை அது அவன் முன் வைத்தது. அறிந்தவுடன் அவன் என்ன செய்கிறான் என்பதையும் காட்டியது. அத்தேர்வில் ஸ்டீவ் ரோஜர்ஸ் குறைந்து போகவில்லை.

மூன்றாம் இடைச்செருகல்

இனி 2016ஆம் ஆண்டுக்கு வருவோம். அதற்கு ஈராண்டு முன்பு நாயகன் வலிமை இழந்து முதியவனாகி, கேடயத்தைத் தன் கறுப்பினத் தோழன் சாம் வில்சனிடம் ஒப்படைத்திருந்தான். 2016ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இளமை மீண்டது. ஆவலோடு காத்திருந்தோர் கையில் வந்து சேர்ந்தது, மே மாதத்து அவ்விதழ். ஸ்டீவின் தாயை 1926ஆம் ஆண்டிலேயே ஹைட்ராவைச் சேர்ந்த பெண் ஒருத்தி அணுகியதாகப் புதிய பழங்கதை ஒன்றும் அதில் சேர்ந்திருந்தது. அவன் சிறுவயது முதலே அவ்வியக்கத்தவன் என்பது அதன் குறிப்பு. இவன் போலி அல்லன், மூளை மயக்கப்பட்டவனும் அல்லன், உண்மையான ஸ்டீவ் ரோஜர்ஸே என்ற வகையில் நிறுவனத்தின் பதிப்பாசிரியரும் செய்தியாளரிடம் பேசினார்.

ஒரு மாதம் கழித்து வந்த இரண்டாம் இதழ் புதிரை அவிழ்த்தது. நினைத்ததை நடத்தும் ஆற்றல்கொண்ட அண்டக் கனசதுரம் ஒரு சிறுமியின் வடிவில் உலவுகிறது. பழைய பகைவனான ரெட் ஸ்கல் அச்சிறுமியை வசப்படுத்தி, ஸ்டீவின் கடந்த காலத்தையே மாற்றி எழுதச் செய்துவிட்டான். ஆக, கதைக்குள்ளும் இது ஓர் இடைச்செருகலே. விளக்கம் வந்தும் புண் ஆறவில்லை.

ஹைட்ராவும் நாஜிகளும் ஒன்றல்ல என்று சிலர் வாதிட்டனர். 1965ஆம் ஆண்டில் லீயும் கர்பியும் முதன்முதலாக ஹைட்ராவைப் படைத்தபோது அது பொதுவானதொரு சதிக்கும்பலே. ஆனால் நாஜிப் படைத்தலைவனான ஸ்ட்ரக்கரே அதன் தலைவன் என அப்பத்தாண்டிலேயே கதை வளர்ந்தது. 2011ஆம் ஆண்டுத் திரைப்படம் அதை ஹிட்லர் ஆட்சியின் ஆயுத ஆராய்ச்சிப் பிரிவாகவே காட்டியது. யூத வாசகர் பலர் மனம் நொந்து எழுதியதற்குக் காரணம் இதுவே. தம் இனம் அழிக்கப்பட்ட காலத்தில் தம்மவர் இருவர் எதிர்ப்பின் அடையாளமாகப் படைத்த உருவம் அது. கர்பி 1994ஆம் ஆண்டிலும் சைமன் 2011ஆம் ஆண்டிலும் மறைந்துவிட்டனர். சட்டப்படி நாயகன் நிறுவனத்தின் உடைமை. உரிமை கோரி சைமன் தொடுத்த வழக்கும் 2003ஆம் ஆண்டில் சமரசத்தில் முடிந்திருந்தது. சட்டத்தின் தீர்வு ஒன்று; நன்றியுணர்வின் கணக்கு வேறு.

எழுத்தாளர் நிக் ஸ்பென்சருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. 1940ஆம் ஆண்டில் அட்டைப்படத்துக்காக மிரட்டப்பட்ட சைமனையும் கர்பியையும் நேசிப்பதாகச் சொல்லிக்கொள்வோர் செய்யத்தக்க செயல் அன்று அது. அது கடிந்து ஒதுக்கத்தக்கது.

2017ஆம் ஆண்டில் கதை பெருந்தொடராக விரிந்தது. 1974ஆம் ஆண்டுக் கதையின் 'சீக்ரெட் எம்பயர்' என்னும் பெயரே இதற்கும் சூட்டப்பட்டது. நாயகன் நாட்டின் ஆட்சியைக் கைப்பற்றி ஹைட்ராவின் கொடுங்கோலை நிறுவுகிறான். விற்பனையைப் பெருக்க, கடை ஊழியர் ஹைட்ராவின் சின்னம் பொறித்த பனியன் அணிய வேண்டும் என்ற யோசனையும் கடைகளுக்கு அனுப்பப்பட்டது. சில கடைக்காரர்கள் அதை ஏற்க மறுத்தனர். எதிர்ப்பு வலுக்கவே, முடிவுவரை பொறுத்திருக்குமாறு நிறுவனம் அறிக்கை வெளியிட்டது. ஆகஸ்டு மாத இறுதியில் வந்த பத்தாம் இதழில், அச்சிறுமியின் நினைவில் தங்கியிருந்த உண்மையான ஸ்டீவ் உயிர்பெற்று வந்து பொய்யுருவை வென்றான்.

குறை எங்கே?

ஸ்பென்சரின் பக்கமும் நியாயம் உண்டு. கொடுங்கோன்மை அயல்நாட்டு உடையில்தான் வரும் என்று எவரும் நம்பியிருக்க வேண்டாம்; மக்கள் மிகவும் நேசிக்கும் முகத்தோடும் அது வரலாம் என்பது அவர் கதையின் கரு. அவ்வாண்டு அமெரிக்க அரசியல் சென்ற போக்கை நினைத்தால் அக்கரு தேவையற்றது என்று கூறிவிட முடியாது.

கருவுக்கும் கதைக்கும் இடையே பொருத்தம் இல்லாமற் போனதே குறை. நல்லவன் ஒருவன் கொடுமையின் பக்கம் சாய்வது எவ்வாறு? அச்சத்தாலா, ஆசையாலா, சிறுகச் சிறுகச் செய்துகொள்ளும் சமாதானங்களாலா? வாசகர் அறிய வேண்டியது அதுதான். மாயக் கனசதுரம் அவ்வினாவையே எழவிடாமல் செய்துவிட்டது. ஸ்டீவ் ரோஜர்ஸ் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆகவே வீழவும் இல்லை, திருந்தவும் இல்லை. பதினைந்து மாத வேதனைக்குப் பின் எல்லாம் அழிக்கப்பட்டு, பழைய சிலை பழைய பீடத்தில் ஏற்றப்பட்டது. 1972ஆம் ஆண்டு இடைச்செருகல் ஓர் இழிந்த காலத்தின் பொறுப்பை வெளிக்கொணர்ந்தது. 2003ஆம் ஆண்டினது மறைக்கப்பட்டோரின் பெயரைச் சொன்னது. மூன்றாவதோ எவரையும் எதற்கும் பொறுப்பாக்கவில்லை. திகைப்பை உண்டாக்கப் புண்ணை ஆழமாகக் கீறியது. ஆற்றுகையில் வடுவும் இல்லாமல் துடைக்க முயன்றது.

அந்த வடுவை மறைக்காமல் எழுதிய பெருமை 2018ஆம் ஆண்டு ஜூலையில் பொறுப்பேற்ற டா-நெஹிசி கோட்ஸுக்கு உரியது. அவர் கதையில் ஸ்டீவ் குற்றமற்றவன். ஆயினும் மக்கள் அவனை நம்பத் தயங்குகின்றனர். அவன் முகத்தோடு நடந்த கொடுமையை அவர்கள் கண்டிருக்கிறார்கள். உடையும் கேடயமும் இருப்பதாலேயே நம்பிக்கை வந்துவிடாது என்பதை உணர்ந்து, அதை மீண்டும் ஈட்ட முயல்கிறான்.

முன்னோர் விட்டுச்சென்ற நாயகனைக் கையில் எடுப்பவர் அவனை மாற்றவே கூடாது என்று விதிப்பது இயலாது; மாற்றம் இல்லாதிருந்தால் அவன் 1954ஆம் ஆண்டோடு மறைந்திருப்பான். ஆனால் அவன் எந்தத் துயரத்திலிருந்து பிறந்தான், யாருக்காக எழுந்தான் என்பதை அறிந்த பின்னரே மாற்ற வேண்டும். தையற்காரர் மைந்தர் இருவர் மிரட்டலுக்கு அஞ்சாமல் வரைந்த அந்த அட்டைப்படம், பின்னர் எழுதப்படும் ஒவ்வொரு இதழுக்கும் உரைகல்லாக இன்றும் இருக்கிறது.